பின்னம், தசமம், விழுக்காடு: எந்தப் புத்தகம், எப்படிப் பயன்படுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கணக்கு சொல்லித் தருகிறேன். வகுப்பு முடிந்ததும் பெற்றோர் வாசலில் நின்று கேட்பதும், ராத்திரி புலனத்தில் வருவதும் பெரும்பாலும் இந்த மூன்று பாடங்களைப் பற்றித்தான். எந்தப் புத்தகம் வாங்குவது, வாங்கியதை வைத்து என்ன செய்வது என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் கேட்டவையும் நடுவில் உண்டு.

டீச்சர், மகனுக்குப் பின்னம் சுத்தமா வரல. ஒரே ஒரு புத்தகம் வாங்கணும்னா எது வாங்குறது?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். பையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பள்ளியில் இரவலாகக் கொடுக்கும் கணிதப் பாடநூலைப் பல வீடுகளில் யாரும் திறப்பதே இல்லை. வீட்டுப்பாடம் பயிற்சி நூலிலிருந்து வருவதால் பாடநூல் பையோடு போய்ப் பையோடு வருகிறது. ஆனால் படம், விளக்கம், எடுத்துக்காட்டு எல்லாம் வரிசையாக இருப்பது அதில்தான்.

அதிலும் மகன் இப்போது படிக்கும் ஆண்டின் நூலை எடுக்காமல் இரண்டு ஆண்டு பின்னால் போங்கள். ஐந்தாம் ஆண்டில் திணறுகிற பிள்ளைக்குத் தடுக்கிய இடம் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் இருக்கும். பழைய நூல்களைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், பரவாயில்லை. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் மின்னூல்கள் இருக்கின்றன. பின்னப் பகுதியை மட்டும் முழுதாக, தனி நோட்டில் போடவையுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் கடைக்குப் போகலாம்.

எந்த ஆண்டுல எது வருதுன்னே எங்களுக்குத் தெரியலையே?

2017இல் வந்த திருத்தப்பட்ட கே.எஸ்.எஸ்.ஆர். என்னும் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில், ஒன்றாம் ஆண்டில் அரை, கால், முக்கால் மட்டும். இரண்டாம் ஆண்டில் பின்னத்தோடு தசமம் சேரும். மூன்றாம் ஆண்டில் விழுக்காடும் வந்து, மூன்றும் ஒரே அலகாகிவிடும். அங்கிருந்து ஆறாம் ஆண்டுவரை அதே மூன்றுதான், ஆழம் மட்டும் கூடும். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது ஆறாம் ஆண்டில். படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில், எதிர்மறைப் பின்னமும் எதிர்மறைத் தசமமும் வந்துவிடும்.

ஒன்றாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் 2027இல் புதிய பாடத்திட்டம் தொடங்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. தம்பி தங்கைக்கும் ஆகுமே என்று இப்போதே ஆறு ஆண்டுக்கும் பயிற்சி நூல் வாங்கி அடுக்க வேண்டாம்.

கடையில அலமாரி நிறைய இருக்கு. புரட்டிப் பாத்தே நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அட்டையை விட்டுவிடுங்கள். 'உயர்நிலைச் சிந்தனை' என்று அட்டையில் போடாத பயிற்சி நூலே இன்று இல்லை. பின்னப் பாடத்தைத் திறந்து முதலில் எண்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். நிழலிட்ட வட்டங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பின்னம் என்றால் வட்டத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். 5/4 வந்ததும் 'நாலு துண்டுல அஞ்சு எப்படி டீச்சர் எடுக்கிறது?' என்று கேட்கும். நியாயமான கேள்வி. 3/4, 5/4, 1.25 மூன்றையும் ஒரே கோட்டில் குறிக்கச் சொல்லும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். 5/4உம் 1.25உம் ஒரே புள்ளியில் விழுவதைப் பிள்ளை தன் கையாலேயே குறித்துப் பார்த்துவிடும்.

அடுத்து, சமமில்லாமல் வெட்டிய படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு செவ்வகத்தை ஏறுமாறாக மூன்றாகப் பிரித்து, ஒன்றுக்கு நிழலிட்டு, 'இது 1/3 ஆகுமா?' என்று கேட்க வேண்டும். எல்லாப் படமும் ஒழுங்காகவே வெட்டியிருந்தால் பிள்ளை துண்டுகளை எண்ணியே விடை எழுதிவிடும். பின்னமே தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, கணக்குப் போடுவதற்கு முன் 'ஏறக்குறைய எவ்வளவு வரும்?' என்று எங்காவது கேட்கிறதா? 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசியத் தேர்வு ஒன்றில் 13 வயது மாணவர்களிடம் 12/13 + 7/8 உத்தேசமாக எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமும் கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 விழுக்காட்டினர்தான். 19, 21 ஆகிய ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தவர்கள் அதைவிட அதிகம். இந்த ஒரு கேள்வியை உங்கள் பிள்ளையிடம் இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள். புத்தகம் வாங்க வேண்டுமா, எப்படிப்பட்டது வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

புத்தகம் வெலையெல்லாம் ஏறிப்போச்சு லா. பழைய புத்தகம் வாங்கினா ஆகாதா?

தாராளமாக ஆகும். பின்னம் பழசாகிற சமாச்சாரம் இல்லை. ஜார்ஜ்டவுன் சௌராஸ்தா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பயிற்சி நூல்களைக் கிளறினால் நல்லது அகப்படும். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதிச் சந்தை உண்டு.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். 2003இலிருந்து சில ஆண்டுகள் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடந்தன. அந்தக் காலத்து நூல்கள் தமிழ்ப்பள்ளிக்கென்று அச்சிட்டவையானாலும் உள்ளே ஆங்கிலம்தான். அப்புறம், முன்னால் வைத்திருந்த பிள்ளை பென்சிலில் விடை எழுதியிருந்தால் அழித்துவிட்டுக் கொடுங்கள். பாதி விடை தப்பாக இருக்கும், உங்கள் பிள்ளை அதை அப்படியே நம்பும்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் இணையத்துல இலவசமா இருக்காமே? நம்ம பிள்ளைங்களுக்குச் சரிவருமா?

சரிவரும், நான் அடிக்கடி எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் பின்னமும், ஏழாம் வகுப்பில் தசமமும் விழுக்காடும் தனிவட்டியும் நல்ல விளக்கத்தோடு இருக்கின்றன. தமிழில் காரணம் சொல்லி விளக்கும் நூல் வேண்டும் என்றால் இலவசமாக இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். ஆனால் அவர்களுடைய ஆறாம் வகுப்பும் நம் ஆறாம் ஆண்டும் ஒரே அளவில் போவதில்லை. எண்ணைப் பார்க்காமல் பாடத்தலைப்பைப் பார்த்து எடுங்கள்.

பிள்ளையிடம் கொடுக்கும்முன் சிலவற்றைச் சொல்லிவிடுங்கள். அங்கே விழுக்காட்டைச் சதவீதம் என்பார்கள். லட்சம் கணக்கில் காற்புள்ளி போடுவதால் 1,00,000 என்று வரும், இங்கே 100,000. ரூபாய் வருகிற இடத்தில் வெள்ளி என்று மாற்றிக்கொள்ளலாம், விலைதான் சில சமயம் சிரிப்பாக இருக்கும்.

சிங்கப்பூர்ப் புத்தகம்தான் சிறந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

எல்லாவற்றுக்கும் இல்லை, வாக்கியக் கணக்குக்கு ஆமாம். 1980களில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சில் கோ தெக் ஹோங் தலைமையிலான குழு, பட்டை வரைந்து கணக்கைத் தீர்க்கும் முறையைப் பாடநூல்களில் கொண்டுவந்தது. 'கையிலிருந்த பணத்தில் 2/5 பங்கைச் செலவழித்தான், மீதி 36 வெள்ளி, முதலில் எவ்வளவு?' என்றால் ஒரு நீளப் பட்டை வரைந்து ஐந்தாகப் பிரி, மூன்று கட்டத்துக்கு 36, ஒரு கட்டம் 12, மொத்தம் 60. சமன்பாடு தெரியாத பத்து வயதுப் பிள்ளையும் போட்டுவிடும். விழுக்காட்டுக்கும் இதே பட்டைதான், ஐந்துக்குப் பதில் பத்தாகப் பிரித்தால் போதும்.

நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கும். ஒன்றை வாங்கி நீங்கள் முறையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொடுங்கள், படம்தானே பேசுகிறது. ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளையிடம் நேராகக் கொடுத்தால் கணக்கு வரவில்லையா மொழி வரவில்லையா என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

மகள் டி.எல்.பி. வகுப்பு, கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்துல. தமிழ்லயா ஆங்கிலத்துலயா எதுல வாங்குறது? அப்புறம் படிவம் ஒண்ணுக்குப் போனா மலாய் வேற.

விளக்கத்துக்குத் தமிழ், பயிற்சிக்குப் பள்ளி மொழி. கருத்து ஒருமுறை விளங்கிவிட்டால் மற்ற மொழியில் நான்கைந்து சொற்களைக் கற்பதுதான் பாக்கி. பின்னம் பெச்சஹான், தசமம் பெர்ப்புலுஹான், விழுக்காடு பெராத்துஸ். ஆறாம் ஆண்டு முடிந்து வரும் நீண்ட விடுமுறையில் இவற்றை எழுதிப் பழகினாலே போதும்.

யாரும் கவனிக்காத ஒரு தொல்லை மட்டும் உண்டு. நாம் 'நான்கில் மூன்று' என்கிறோம், கீழே இருக்கும் எண் முதலில் வருகிறது. மலாயில் 'தீகா பெர் அம்பாட்', மேலே இருப்பது முதலில். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிற பிள்ளை தமிழ் வகுப்பில் 3/4ஐ 4/3 என்று எழுதும். கோட்டை முதலில் போடு, 'நான்கில்' என்றதும் கீழே 4 எழுது, பிறகு மேலே 3 எழுது என்று தமிழ்ச் சொல்வரிசைக்கே எழுத்தைப் பழக்கிவிடுங்கள். படிவம் ஒன்றில் வரிசை மாறும்போது அதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கே பின்னம் மறந்துபோச்சு. நான் எப்படிப் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்கிறது?

நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பிள்ளையை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வையுங்கள். 'இந்த 3/4 எப்படி 0.75 ஆச்சு, அம்மாவுக்கு விளக்கு' என்று கேளுங்கள். தட்டுத்தடுமாறினால் அந்த இடம்தான் நாளைய பாடம். தமிழ் வாசிக்கத் தெரிந்த பெற்றோர் மேலே சொன்ன தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு நூலின் பின்னப் பகுதியை ஒரு வார இறுதியில் படித்து முடித்துவிடலாம். பெரியவர்களுக்கு அது ஒன்றும் கடினமில்லை.

பின்னால விடை இருக்கிற புத்தகம் வாங்கினா பாத்து எழுதிடறான். விடை இல்லாததா வாங்கலாமா?

விடை இருப்பதையே வாங்குங்கள், வழிமுறையோடு இருந்தால் இன்னும் நல்லது. விடைப்பக்கங்களைக் கத்தரித்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நான்கு கணக்குப் போதும். அதில் ஒன்றுக்கு மட்டும் 'எப்படி வந்தது?' என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

வாய்ப்பாடு சரியா தெரியாது. அதை முடிச்சிட்டுத்தான் பின்னமா?

இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். வாய்ப்பாட்டு அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னம் போடட்டும். 12, 18, 24, 36 ஆகியவற்றின் காரணிகள் மட்டும் மனப்பாடமாக இருந்தால் பள்ளிக் கணக்கில் பெரும்பகுதி ஓடிவிடும்.

எத்தனை தடவை சொன்னாலும் 1/4 + 1/3 = 2/7ன்னு போடறா. எந்தப் புத்தகத்துல இதுக்கு விளக்கம் இருக்கு?

முதலில் விளக்க வேண்டாம். 2/7 பெரிதா, 1/3 பெரிதா என்று கேளுங்கள். 1/3 என்றால் 0.333 சொச்சம். 2/7 என்றால் 0.286 கூட வராது. கூட்டின பிறகு இருந்ததைவிடக் குறைந்துபோயிருக்கிறது! இதைப் பார்த்ததும் பிள்ளைகள் தாங்களாகவே ரப்பரைத் தேடுவார்கள். மேலே சொன்ன 12/13 + 7/8 கேள்வியும் இதே சங்கதிதான். மேல் எண், கீழ் எண் என்று இரண்டு தனி எண்களாகப் பார்க்கிற வரைக்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

அதன்பிறகு கட்டம் போட்ட நோட்டில் 3க்கு 4 செவ்வகம் ஒன்று வரையுங்கள், 12 கட்டம். கால் பங்கு என்றால் ஒரு நெடுவரிசை, 3 கட்டம். மூன்றில் ஒன்று என்றால் ஒரு கிடைவரிசை, 4 கட்டம். ஆக 7/12. இரண்டு பங்கையும் ஒரே படத்தில் தனித்தனி நிறத்தில் தீட்டினால் ஒரு கட்டம் இரண்டிலும் மாட்டும், அதனால் இரண்டு செவ்வகம் வரைந்து எண்ணுவது நல்லது. கூட்டலுக்கு இப்படிச் செவ்வகம் காட்டுகிற புத்தகத்தைத் தேடி வாங்குங்கள். வட்டத்தை 12ஆக வெட்டிக் காட்டும் புத்தகத்தில் படம் அழகாக இருக்கும், பிள்ளையால் அதைத் திரும்ப வரைய முடியாது.

தசமத்துல 0.125 பெரிசு, 0.4 சின்னதுன்னு சொல்றான். காசு வச்சுச் சொல்லிக்கொடுத்தும் ஏறல.

காசை வைத்துச் சொல்லிக்கொடுத்ததால்தான் ஏறவில்லை என்பேன். பணத்தில் புள்ளிக்குப் பிறகு எப்போதும் இரண்டு இலக்கம்தான். 4.50ஐப் பிள்ளை 'நாலு வெள்ளி அம்பது காசு' என்று இரண்டு முழு எண்களாகப் படிக்கிறது. 0.125 வந்தால் 'நூற்று இருபத்தைந்து' என்று படித்து, 4ஐவிடப் பெரிது என்கிறது. ரோன்95 பெட்ரோல் பல ஆண்டுகள் 2 வெள்ளி 5 காசுக்கு விற்றது. அதை எண்ணில் எழுதச் சொன்னால் 2.5 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

தசமத்துக்கு நீளம்தான் நல்லது. மீட்டர்க் கோலும் மில்லிமீட்டரும் வைத்து 0.4 மீட்டரையும் 0.125 மீட்டரையும் தரையில் கோடாகப் போடச் சொல்லுங்கள். பணம் மட்டுமே பேசுகிற தசமப் புத்தகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நம் ஊரிலேயே நல்ல எண்கள் இருக்கின்றன. 1985இல் திறந்த பினாங்குப் பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், கடல்மேல் 8.4. 2014இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர், கடல்மேல் 16.9. எந்தப் பாலத்தில் கடல்மேல் இருக்கிற பங்கு அதிகம்? கழிக்கலாம், பின்னமாக எழுதலாம், வகுக்கலாம், விழுக்காடாக்கலாம். முதலாவதில் 62 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டாவதில் 70க்குக் கொஞ்சம் மேல். மூன்று பாடமும் ஒரே கணக்கில் முடிந்தது.

கிட்டிய மதிப்புல புத்தகம் ஒண்ணு சொல்லுது, கடைக்காரர் ஒண்ணு செய்றாரே?

இரண்டும் வேறு விதி. புத்தகத்தில் 4.73ஐ ஒரு தசம இடத்துக்குத் திருத்தினால் 4.7. கடையில் ரொக்கமாகக் கொடுத்தால் 4 வெள்ளி 75 காசு. ஒரு காசு நாணயம் தேவைப்படாதபடி 2008 ஏப்ரல் 1 முதல் ரசீதின் மொத்தத்தை அருகிலுள்ள ஐந்து காசுக்குத் திருத்துகிறார்கள். 1, 2 காசு வந்தால் கீழே போகும், 3, 4 வந்தால் ஐந்தாகும். 6, 7உம் ஐந்தாகும், 8, 9 வந்தால் பத்தாகும். பேரங்காடி ரசீதுகளை ஒரு வாரம் சேர்த்துவைத்தால் இலவசப் பயிற்சி நூல் ஒன்று கிடைத்தது போலத்தான்.

பின்னம், தசமம், விழுக்காடு. இந்த வரிசையை மாத்தினா தப்பா?

தப்பில்லை. கனடாவில் ஜோன் மாஸ், ராபி கேஸ் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் விழுக்காடு, பிறகு தசமம், கடைசியில் பின்னம் என்று நடத்தினார்கள். பாத்திரத்தில் தண்ணீர் எத்தனை விழுக்காடு நிறைந்திருக்கிறது என்பதில் தொடங்கினார்கள். வழக்கமான வரிசையில் படித்தவர்களைவிட அந்தப் பிள்ளைகளுக்குக் கருத்து நன்றாக விளங்கியிருந்தது.

பள்ளியில் இதைச் செய்ய முடியாது, பாடத்திட்டம் இருக்கிறது. வீட்டில் முடியும். கைப்பேசியில் மின்கலம் 50, 25, 10 விழுக்காடு என்றால் என்ன என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கே தெரியும். பின்னத்தைக் கண்டாலே அழுகிற பிள்ளைக்கு நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். 50 விழுக்காடு பாதி, 25 கால், 75 முக்கால். அங்கிருந்து பாடநூலுக்குப் போனால் பாதி பயம் தெளிந்திருக்கும்.

படிவம் ரெண்டு படிக்கிற பையன், இன்னும் பின்னம் வரல. மூணாம் ஆண்டுப் புத்தகம் கொடுத்தா வெக்கப்படறான்.

வெட்கப்படத்தான் செய்வான். யானைப் படமும் பூனைப் படமும் போட்ட புத்தகத்தை யாருக்குத்தான் பிடிக்கும். ஆங்கிலம் வாசிப்பான் என்றால் 'கீ டு ஃபிராக்ஷன்ஸ்' என்கிற அமெரிக்கப் பயிற்சி வரிசை பொருந்தும். ஒவ்வொன்றும் மெல்லிய ஏடு. பின்னத்துக்கு நான்கு, தசமத்துக்கு நான்கு, விழுக்காட்டுக்கு மூன்று. ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம், வளவளவென்ற எழுத்து இல்லை, குழந்தைத்தனமான படமும் இல்லை. வெளியிலிருந்து வரவழைக்கவேண்டியிருக்கும்.

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்றால், வேண்டும். 2012இல் ராபர்ட் சீக்லரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க, பிரிட்டிஷ் மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, 10, 12 வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பது உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதம் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே காட்டியது. படிவம் நான்குக்குப் போவதற்குமுன் சரிசெய்துவிடுங்கள்.

வகுத்தல்ல ஏன் தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்? எந்தப் புத்தகமும் சொல்ல மாட்டேங்குதே.

பயிற்சி நூல்கள் சொல்வதில்லை என்பது உண்மை. அடுத்த பக்கத்தில் முப்பது கணக்கு இருக்கும், காரணம் இருக்காது.

1 3/4 ÷ 1/2 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1 3/4 மீட்டர் ரிப்பன் இருக்கிறது, அரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை? எல்லாவற்றையும் கால் மீட்டராகப் பாருங்கள். ரிப்பனில் 7 கால், ஒரு துண்டுக்கு 2 கால். 7 ÷ 2 = 3 1/2. பகுதியை, அதாவது கீழ் எண்ணை, சமமாக்கிவிட்டால் தொகுதியை, அதாவது மேல் எண்ணை, தொகுதியால் வகுத்தால் போதும், திருப்பவே தேவையில்லை. ஒரு மீட்டரில் எத்தனை அரை இருக்கிறது? இரண்டு. அப்படியானால் 7/4 மீட்டரில் 7/4 × 2. இந்த இரண்டாவது வரிதான் 'திருப்பிப் பெருக்கு' என்பது. முதல் முறையில் பத்துக் கணக்குப் போட்டபிறகு இரண்டாவதைக் காட்டுங்கள்.

நான் புதுசா வேலைக்கு வந்த ஆசிரியர். பிள்ளைங்களுக்கு இல்ல, எனக்குப் படிக்க ஏதாவது?

லிப்பிங் மா 1999இல் எழுதிய 'நோயிங் அண்ட் டீச்சிங் எலிமெண்டரி மேத்தமேட்டிக்ஸ்'. மேலே போட்ட 1 3/4 ÷ 1/2 கணக்கை அவருடைய நூலிலிருந்துதான் எடுத்தேன். அதை 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் கொடுத்து, விடையும் கேட்டு, அதற்கு ஒரு கதைக் கணக்கும் சொல்லச் சொன்னார். சீன ஆசிரியர்கள் அனைவரும் விடை சரியாகச் சொன்னார்கள். அமெரிக்கர்களில் பாதிப் பேர்கூட இல்லை. கதை கேட்டபோது பலர் 1/2ஆல் வகுப்பதற்குப் பதில் 2ஆல் வகுக்கிற கதை சொன்னார்கள். படிப்பதற்குமுன் நீங்களே ஒரு கதை எழுதிப் பாருங்கள். கொஞ்சம் உறைக்கும்.

இன்னும் விரிவாக வேண்டும் என்றால் ஜான் வான் டி வாலியின் தொடக்கக் கணிதம் கற்பித்தல் நூல் இருக்கிறது. தடியான புத்தகம், முழுவதும் படிக்க வேண்டாம், பின்னம் பற்றிய அத்தியாயங்கள் போதும். பினாங்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: தென்கிழக்காசிய நாடுகளுக்கான அறிவியல், கணிதக் கல்வி மையமான ரெக்சாம் 1967 முதல் இங்கே, குளுகோரில் இருக்கிறது. அவர்கள் நடத்தும் பயிலரங்குகளைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

தாத்தா அரைக்கால், மாகாணின்னு ஏதோ சொல்றாரு. அதையும் சேத்துச் சொல்லிக்கொடுக்கலாமா?

பின்னம் நன்றாக வருகிற பிள்ளைக்குக் கொடுங்கள், தடுமாறுகிற பிள்ளைக்கு வேண்டாம். அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் பாதி பாதியாக இறங்குபவை: 1/2, 1/4, 1/8, 1/16. எண்சுவடியில் இன்னொரு வரிசையும் உண்டு. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. 'காலே அரைக்கால் எவ்வளவு?' என்றால் 3/8. 'ஒரு மா எத்தனை விழுக்காடு?' என்றால் 5. நாலுமா 20 விழுக்காடு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே ஓடும். இந்தப் பழைய குறியீடுகளுக்கு 2019இல் யூனிகோடில் இடம் கிடைத்தது, கணினியிலும் எழுதலாம்.

20% தள்ளுபடி, மேல இன்னும் 10%னு போட்டிருக்கான். 30%தானே?

28 தான். 100 வெள்ளிச் சட்டை 80 ஆகும், இரண்டாவது தள்ளுபடி அந்த 80க்குத்தான், ஆக 72. எதற்கு விழுக்காடு என்று கேட்டுவிட்டுத்தான் விழுக்காட்டுக் கணக்கைத் தொட வேண்டும். தள்ளுபடிக்குப் பிறகு 48 வெள்ளி, 20% குறைத்திருக்கிறார்கள், அசல் விலை என்ன? 48இன் 20 விழுக்காட்டைக் கூட்டி 57.60 என்று பெரியவர்களும் சொல்வார்கள். 48 என்பது அசலில் 80 விழுக்காடு, எனவே 60. பட்டை வரைந்தால் உடனே தெரியும்.

சம்பளச் சீட்டும் நல்ல பாடம். 3,000 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளியின் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) 11 விழுக்காடு 330, முதலாளி போடுவது 13 விழுக்காடு 390.

சேவை வரி 6%ல இருந்து 8% ஆனப்போ 2% கூடிச்சுன்னு சொன்னாங்க. மகள் இல்ல, 33%ங்கிறா. யாரு சரி?

2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு 8 ஆனது, உணவுக்கடைக்கு 6தான். மகள் சொல்வது சரி, நீங்கள் கேட்டதும் முழுத் தவறில்லை. விகிதம் 2 விழுக்காட்டுப் புள்ளி ஏறியது. நூறு வெள்ளிக்குக் கட்டுகிற வரித்தொகை 6 வெள்ளியிலிருந்து 8 வெள்ளியாகி, மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 1/3 விழுக்காடு ஏறியது. புள்ளி என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொல்வதால்தான் குழப்பம். தொடக்கப்பள்ளிப் பயிற்சி நூல்கள் இதைத் தொடுவதில்லை. நாளிதழை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்காட்டு நிறையக் கிடைக்கும்.

1/3 என்பது 0.333. அதை மூணால பெருக்கினா 0.999தான் வருது. ஆனா 1/3 × 3 = 1. எது தப்பு டீச்சர்?

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டது. 0.333 என்பதுதான் தப்பு. 1/3ஐ வகுத்தால் 3 நிற்கவே நிற்காது, நாம் மூன்று இடத்தில் வெட்டிவிட்டோம். வெட்டின இடத்தில் விட்டுப்போன துண்டுதான் கடைசியில் குறைகிறது. வெட்டாமல் முடிவில்லாமல் எழுதினால் 0.999... என்பதும் 1 என்பதும் ஒரே எண். எண்கோட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு எண் சொல்லு பார்க்கலாம் என்று கேளுங்கள், சொல்ல முடியாது. சுழல் தசமத்தைப் பற்றித் தமிழில் படிக்கத் தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு நூலில் மெய்யெண்கள் பாடம் இருக்கிறது.

இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தருவதைவிட ஒரு வேலை கொடுக்கலாம். 1/2 முதல் 1/12 வரை எல்லாவற்றையும் கையால் வகுத்து, எது முடிகிறது, எது முடியவில்லை என்று இரண்டு பட்டியல் போடட்டும். பகுதியை 2, 5 மட்டும் கொண்டு காரணிப்படுத்த முடிந்தால் முடியும், இல்லாவிட்டால் முடியாது என்பதை அவனே சொல்லும்வரை நீங்கள் சொல்லாதீர்கள். 1/7ஐப் பாதியில் நிறுத்தவிடாதீர்கள். ஆறு இலக்கம் போனபிறகுதான் 142857 மறுபடி தொடங்கும்.